எஃப் ஒன்பது லுத்ஃபர்

நீல்கேத் மார்க்கெட்டில் வந்து லுத்ஃபர் ரஹ்மான் என்று கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். எஃப் ஒன்பது லுத்ஃபர் என்று கேட்டுப் பாருங்கள். பழைய புத்தகக்காரர்கள் முதல் தெஹாரிச் சோற்றுக் கடையில் தட்டு கழுவுகிறவர் வரை நாலு பேர் உங்களைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அவன் கடை வாசலில் விடுவார்கள். கடை என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஆள் உட்கார்ந்துவிட்டால் கேமராவோடு லுத்ஃபர் சந்துக்கு வந்துவிட வேண்டும். போகிற ரிக்‌ஷாக்காரர்கள் அவனை இடிக்காமல் போவதற்கு முப்பது வருஷப் பழக்கம் வேண்டும்.

அவன் தொழில் பாஸ்போர்ட் அளவுப் படம். டாக்காவில் பட்டம் வாங்கியவன் எவனும் அடுத்த ஐந்து வருஷத்துக்கு வேலை விண்ணப்பம் போட்டபடியே இருப்பான். விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். படத்துக்குக் கோட்டும் டையும் வேண்டும். இந்தப் புழுக்கத்தில் கோட்டு வைத்திருப்பவன் யார்? லுத்ஃபர்தான் வைத்திருந்தான், கம்ப்யூட்டருக்குள். கருநீலக் கோட்டு, அரக்குச் சிவப்பில் டை. அதன் உண்மையான சொந்தக்காரர் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர். இணையத்தில் கிடைத்த படத்தில் அவர் தலையை வெட்டி எறிந்துவிட்டு உடம்பை மட்டும் லுத்ஃபர் வைத்துக்கொண்டான். அந்த உடம்பில் டாக்காவின் தலைகள் எத்தனை ஏறி இறங்கின என்பதற்குக் கணக்கில்லை.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் சலிப்பு. படத்தைத் திற, ஓரத்தை வெட்டு, பின்னணியை நீலமாக்கு, முகத்தை வெளுப்பாக்கு, தோலை வழவழப்பாக்கு, கோட்டை மாட்டு, டையைச் சரி செய், சேமி. இடையில் வருகிற சில்லறை வேலைகளையும் எண்ணிப் பார்த்தால் பதினேழு வேலை. ஒரு நாளைக்கு நூறு தலை என்றால் நூறு தடவை பதினேழு. லுத்ஃபர் பிறவிச் சோம்பேறி. இதை நான் சொல்லவில்லை, அவனுடைய அக்கா ஜாஹேதாவே ஊருக்கெல்லாம் சொல்லுவாள். சோம்பேறிகள்தான் இந்த மாதிரி விஷயத்தில் கெட்டிக்காரர்கள். செய்கிற வேலையை ஒரு தடவை பதிவு செய்து வைத்துக்கொண்டு பிறகு தானாகவே அச்சு மாறாமல் திரும்பச் செய்கிற வசதி ஃபோட்டோஷாப்பில் இருப்பதை அவன் கண்டுபிடித்தான். ஆக்‌ஷன் என்று அதற்குப் பெயர். ஒரு மழை நாளில், ஓய்வுபெறப் போகிற தலைமையாசிரியர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, அவர் முகத்தை வைத்தே பதினேழு வேலையையும் பதிவு செய்து எஃப் ஒன்பது என்ற பொத்தானில் கட்டி வைத்தான். பெண்களுக்கு எஃப் பத்து. அதில் கோட்டு மட்டும் கிடையாது, மற்றதெல்லாம் அப்படியே.

அன்று முதல் அவன் வேலை ஒரு விரலின் வேலையாயிற்று. அழுத்திவிட்டுப் பால் கலக்காத ரங் சா குடிப்பான். டீ ஆறுவதற்குள் ஆள் வெள்ளையாகி, கோட்டு மாட்டி, மேனேஜர் ஆகியிருப்பான். ஒன்பது மாதக் குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு வந்த ஒரு படத்தையும் பழக்க தோஷத்தில் அழுத்திவிட்டான். பொக்கை வாயோடு கோட்டும் டையுமாகக் குழந்தை வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்க அவன் வாயைத் திறப்பதற்குள், குழந்தையின் தாய் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பாருங்க, ஹைகோர்ட் ஜட்ஜ் மாதிரியே இருக்கான்" என்று எட்டு பிரதி கேட்டாள்.

பக்கத்துக் கடை ஹன்னான். ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு அட்டை கட்டுவதும், ஒழிந்த நேரத்தில் படம் எடுப்பதும் அவன் பிழைப்பு. லுத்ஃபர் தொழுகைக்குப் போன ஒரு மதியத்தில் ஒரு பென் டிரைவைச் செருகி எஃப் ஒன்பதையும் பத்தையும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டான். கேட்டதற்கு, "திருட்டுன்னு சொல்லாத பாய். ஓங்கிட்ட இருந்தது ஓங்கிட்டயேதான இருக்கு?" என்றான். ஒரே மாதத்தில் சந்து முழுக்கப் பரவியது. பிறகு ஃபார்ம்கேட், மீர்பூர், சாவார் வரை போயிற்று.

எல்லாரையும் மேனேஜராக்கிய லுத்ஃபருக்கு முப்பத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் வலது கன்னத்தில் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மச்சம், அதில் இரண்டு முடி. முதல் ஐந்து இடங்களுக்கு ஜாஹேதா உள்ள முகத்தையே படமாக அனுப்பினாள். ஓரிடத்திலிருந்தும் பதில் இல்லை. அதற்குப் பிறகு லுத்ஃபர் தன் முகத்துக்கே எஃப் ஒன்பது அழுத்தினான். தோலை வழவழப்பாக்கும் கட்டளை பழைய படங்களில் இருக்கும் தூசியைத் துடைப்பதற்காக உண்டானது. அதற்கு மச்சமும் தூசிதான். மச்சம் போயிற்று. கோட்டு வந்தது. உடனே ஆறு இடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், தாய்லாந்து சூப்பைக் குடித்து முடித்தார்கள், போனார்கள். ஆறாவது இடத்துப் பெரியவர் போகிற போக்கில், "மாப்பிள்ளையோட அண்ணன பாத்தாச்சு, மாப்பிள்ளை எப்ப வருவார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு லுத்ஃபர் கடையைத் திறக்கவில்லை.

பன்னிரண்டாவதாகத் தஹ்மினாவின் விவரத்தாள் வந்தது. வயது முப்பத்தொன்று. பி.காம். தகப்பனார் இல்லை, மாமாவின் பொறுப்பு. வேலை என்ற இடத்தில் இருந்ததைப் படித்ததும் லுத்ஃபர் நிமிர்ந்து உட்கார்ந்தான். மீர்பூரில் ஒரு கம்பெனி. வெளிநாட்டுக் கடைகளின் செருப்புப் படங்களைச் சுற்றிக் கோடு போட்டு, பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கிற வேலை. எட்டு வருஷமாகச் செய்கிறாள்.

"எட்டு வருஷமா செருப்பு வெட்டுறாளாம்டா" என்று ஜாஹேதா மூக்கைச் சுளித்தாள்.

"ஆபா, ஹீல்ஸ் செருப்போட வாரைக் கையால வெட்டுறது எவ்வளவு கஷ்டம்னு ஒனக்குத் தெரியாது."

"தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ஆசையும் இல்ல."

லுத்ஃபருக்கு ஆசை வந்துவிட்டது. இந்த உலகத்தில் பதினேழு வேலையை ஒன்றாக்கினேன் என்று சொன்னால், அதன் அருமை புரிந்து புருவத்தை உயர்த்தக்கூடிய பெண் ஒருத்தி இருக்கிறாள். இவள் வேண்டாம் என்றால் இனி யாரையும் பார்ப்பதில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டான். ஜாஹேதா அதைப் பன்னிரண்டாவது தடவையாகக் கேட்டாள், ஆனால் இந்தத் தடவை அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

பிறகு படத்தைத் திறந்தான். நீலப் பின்னணி, வழவழவென்று ஒரு முகம், காதை மூடிய கருங்கூந்தல். இடது காது இருக்க வேண்டிய இடத்தில், கூந்தலுக்கு நடுவே அரிசி அளவில் ஒரு நீலப் புள்ளி. லுத்ஃபர் அதை நாலு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தான். அவனுக்கு வியர்த்தது.

அந்த அரிசி யாருடையது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும், அல்லது அப்படி நினைத்திருந்தான். தலைமையாசிரியரை வைத்துப் பதிவு செய்தபோது, அவருடைய இடது காதிலிருந்து ஒரு கொத்து முடி வெளியே எட்டிப் பார்த்தது. பதிவு ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டு, அந்த முடியைச் சுற்றிக் கோடு போட்டு நீலத்தை நிரப்பினான். பதினேழு வேலை பத்தொன்பதாகப் பதிவாகிவிட்டது. அன்று முதல் எஃப் ஒன்பதோ பத்தோ அழுத்தப்பட்டவர் எவராக இருந்தாலும், அதே இடத்தில், இல்லாத முடிக்காக அரிசி அளவு காதை இழந்தார். திரும்பப் பதிவு செய்யச் சோம்பல். யாரும் கேட்டதில்லை. வங்கிக் குமாஸ்தாவுக்கும் குறைந்தது, ஒன்பது மாதக் குழந்தைக்கும் குறைந்தது.

ஆக, தஹ்மினாவின் படமும் அதே பொத்தானில் குளித்து வந்தது. உள்ளே எந்த முகம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவனுடைய முகமும் அவளுக்குத் தெரியாது. ஏனென்றால் ஜாஹேதா அனுப்பியது கோட்டுப் படம்.

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குப் பிறகு எலிஃபன்ட் ரோட்டில் ஒரு சைனீஸ் உணவகத்தில் சந்திப்பு. பகல் இரண்டரை மணிக்கும் உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டுக்காகத்தான் பெண் பார்க்க எல்லாரும் அங்கே போகிறார்கள். ஜாஹேதா இருப்பதிலேயே இருண்ட மூலையைப் பிடித்து, தம்பியைச் சுவரோரம் உட்கார வைத்தாள்.

"மச்சம் செவுத்துப் பக்கமே இருக்கட்டும். பேசுறப்ப கழுத்தத் திருப்பாத. சிரிக்கணும்னா நேராப் பாத்துச் சிரி."

தஹ்மினாவும் மாமாவும் வந்தார்கள். மாமா சூப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஊர், உத்தியோகம், வாடகை வீடா என்று விசாரித்தார். தஹ்மினாவோ அவனுடைய முகத்தின் இடது பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். லுத்ஃபருக்கு உள்ளூர மகிழ்ச்சி. அப்போது அவள் கைப்பேசியின் விளக்கைப் போட்டு அவன் காதுக்கு நேராகப் பிடித்தாள்.

"காது முழுசாத்தான் இருக்கு" என்றாள்.

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். "இருக்காதா பின்ன?"

"போட்டோல இல்ல மாமா. எங்க ஆபீசுக்கு வேலை கேட்டு வர்ற எல்லாருக்கும் இதே எடத்துல காது கொறையுது. நானும் எங்க கூட வேலை பாக்குறவங்களும் ரெண்டு வருஷமா யோசிச்சோம். டாக்கால எலி ஏதாவது ஆளுங்க காதைக் கடிக்குதான்னு."

ஜாஹேதா மேஜைக்கு அடியில் தம்பியை உதைத்தாள். உதை மாமாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மாமா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சூப்பைத் தொடர்ந்தார்.

லுத்ஃபர் பொய் சொல்லியிருக்கலாம். பழியை ஹன்னான் தலையில் போட்டிருக்கலாம். ஆனால் லுத்ஃபர் ரஹ்மான் என்ற மனிதன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் வேலையைக் கூர்ந்து பார்த்த ஒருத்தியைச் சந்தித்திருக்கிறான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அது ஒரு ஹெட்மாஸ்டரோட காது முடி" என்றான். பிறகு மழை நாள், பதினேழு வேலை, பதிவு, பென் டிரைவ் எல்லாவற்றையும் சொன்னான்.

தஹ்மினா புருவத்தை உயர்த்துவாள் என்று எதிர்பார்த்தான். உயர்த்தினாள், ஆனால் அது வேறு விதமாக இருந்தது.

"அப்ப அந்தப் பட்டன் ஒங்களுதா?"

"ஆமா."

அவள் விளக்கைத் தன் முகத்தின் மேல் திருப்பினாள். இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் அம்மைத் தழும்பு குழிகுழியாக இருந்தது.

"எங்க மாமா மீர்பூர் கடையில என் படத்த எடுக்க வச்சாரு. நானே இந்தத் தொழில்ல இருக்கேன், என்னைக் கேக்காமலே அழுத்திட்டாங்க. அந்தப் படத்த வச்சு மூணு பேர் வந்தாங்க. மூணாவது ஆளு என்னைப் பாத்துட்டு, பொண்ணக் கூப்பிடுங்கன்னு சொன்னாரு. உள்ள இருந்து என் தங்கச்சி எட்டிப் பாத்தா. இதோ வந்துட்டாங்கன்னு எந்திரிச்சு நின்னுட்டாரு."

மாமா இருமினார். தன் விரலால் இதெல்லாம் நடந்திருக்கிறது என்பது லுத்ஃபருக்கு அதுவரை தோன்றவேயில்லை. வெட்கம் என்றால் என்ன என்று அந்த மூலையில்தான் தெரிந்துகொண்டான். ஜாஹேதா போட்ட சட்டத்தை மறந்து எழுந்து, வலது கன்னத்தை விளக்குக்கு நேராகக் காட்டினான்.

"எனக்கும் அழுத்தியாச்சு. ஆறு பேர் வந்து போனாங்க."

தஹ்மினா மச்சத்தைப் பார்த்தாள். அதிலிருந்த இரண்டு முடியையும் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றார் மாமா.

"ஒரிஜினல் படத்த அனுப்புங்க" என்று தஹ்மினா பையை எடுத்துக்கொண்டாள். "பாத்துட்டுச் சொல்றேன்."

"இப்பதான் நேர்லயே பாத்துட்டீங்களே?"

"இங்க சூப்புல கெடக்குறது கோழியா எறாவான்னே தெரியல. இருட்டுல பாத்து எதையும் முடிவு பண்ண மாட்டேன்."

லுத்ஃபர் கடைக்கு ஓடினான். ஒரிஜினல் இல்லை. எஃப் ஒன்பதின் கடைசி வேலை சேமிப்பது, அதுவும் பழைய படத்தின் தலைமேலேயே சேமிப்பது. ஜாஹேதா முதலில் அனுப்பிய படத்துக்கும் அதே கதிதான். கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினான். கோட்டுப் போட்ட, மச்சமில்லாத, காது குறைந்த லுத்ஃபர்கள் பதினாலு பேர் கிடைத்தார்கள். அவன் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஹன்னானைக் கூப்பிட்டுக் கேமராவைக் கையில் கொடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"சட்டைல டீக் கறை இருக்கு பாய். தலையையாவது சீவு" என்றான் ஹன்னான்.

"அப்படியே எடு."

எடுத்தான். லுத்ஃபர் படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் திறந்தான். திறந்த படத்துக்கு முன்னால் அவன் விரலுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். போய் அழுத்திவிட்டது. மச்சம் போயிற்று, கோட்டு ஏறிற்று, சேமித்தாயிற்று. மறுபடி ஸ்டூல், மறுபடி ஹன்னான். இரண்டாவது தடவை வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இடது கை போய் அழுத்தியது. ஹன்னான் சந்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூன்றாவது தடவைக்கு முன் லுத்ஃபர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, எஃப் ஒன்பது பொத்தானை விசைப்பலகையிலிருந்து பெயர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

படம் போயிற்று. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். பதில் இல்லை. இந்த நாலு நாளில் எஃப் பத்தையும் தொடாமல், அவன் எடுத்த படங்களுக்கெல்லாம் பதினேழு வேலையையும் கையாலேயே செய்தான். கையால் செய்யும்போது முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பையனின் புருவத்தில் தையல் போட்ட வெட்டு இருந்தது, ஒரு அம்மாவின் உதட்டோரம் வெற்றிலைக் காவி. ஒவ்வொன்றையும் துடைப்பதா விடுவதா என்று கை தயங்கி நின்றது. வாடிக்கையாளர்கள் சந்தில் வரிசையாக நின்று திட்டினார்கள். அவன் காதில் விழவில்லை. மீர்பூரிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்பதுதான் அவனுக்கு நினைப்பெல்லாம். வராது என்றும் அவனே பதில் சொல்லிக்கொண்டான்.

புதன்கிழமை வந்தது. ஒரு படமும் ஒரு வரியும். ஆபீஸ் விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில், தலைக்கு எண்ணெய் வைத்து, சிரிக்காமல் எடுத்த படம். ஒவ்வொரு தழும்பையும் எண்ணலாம். கீழே எழுதியிருந்தாள்: "இது நான். அழுத்த வேண்டாம்."

லுத்ஃபர் விசைப்பலகையில் பல் விழுந்த இடம் போலிருந்த ஓட்டையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், அழுதான். பிறகு ஹன்னானுக்கு மட்டுமல்ல, சந்துக்கே டீ சொன்னான்.

நிக்காஹ் பதிவுக்குக் காஜியிடம் அந்த இரண்டு படங்களையும்தான் கொடுத்தார்கள். பதிவேட்டில் ஒட்டிய குமாஸ்தா தலையைச் சொறிந்துகொண்டு, "கோட்டுப் போட்டது எதுவும் இல்லையா? நீல்கேத்ல ஒருத்தர் நல்லா போட்டுத் தருவாரு" என்றார்.

கல்யாணமான மூன்றாவது வாரம் தஹ்மினா ஒரு விடுமுறை நாளில் கடைக்கு வந்தாள். லுத்ஃபர் பிரின்டருக்குத் தாள் வாங்கப் போயிருந்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து எஃப் ஒன்பதின் வயிற்றைத் திறந்து ஒவ்வொரு வேலையாகப் பார்த்தாள். பத்தொன்பது. காது முடிக்கான இரண்டையும் தூக்கி எறிந்தாள். பழைய படத்தின் தலையில் சேமிக்காமல் புதிதாகச் சேமிக்க வைத்தாள். வழவழப்பாக்கும் இடத்துக்கு முன்னால் வேறொன்றும் செய்தாள். அதை லுத்ஃபரிடம் சொல்லவில்லை. எஃப் பத்துக்கும் இதே வைத்தியம். பெயர்த்த பொத்தானை அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வந்திருந்தாள், அதையும் திரும்ப மாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் முதல் வாடிக்கையாளர். லுத்ஃபர் அழுத்தினான். ஓரம் வெட்டியாயிற்று, பின்னணி நீலமாயிற்று. பிறகு எல்லாம் நின்றுபோய் நடுத்திரையில் ஒரு பெட்டி வந்தது. அதில், "லுத்ஃபர், முகத்தைப் பார்த்தாயா? அவரைக் கேட்டாயா?" என்று இருந்தது. கீழே தொடர், நிறுத்து என்று இரண்டு பொத்தான். வீட்டில் அவனை நீங்க என்பவள், கம்ப்யூட்டருக்குள் ஒருமையில் கூப்பிட்டிருந்தாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாடிக்கையாளரைக் கேட்டான்.

காது சரியாகிவிட்டது என்ற சேதி ஹன்னானுக்கு எட்டச் சாயங்காலம் ஆகவில்லை. அடுத்த தொழுகை நேரத்தில் பென் டிரைவ் வந்துபோயிற்று. வழக்கம்போல அங்கிருந்து சந்து முழுக்கப் பரவியது.

மறுநாள் காலை, ஹன்னான் கடையிலிருந்து குரல் வந்தது.

"லுத்ஃபர் பாய், ஒன் வீட்டு பாபி என் ஸ்கிரீன்ல வந்து நிக்கிறாங்க. ஒன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. போக மாட்டேங்குறாங்க."

எதிர்க் கடையிலிருந்து இன்னொரு குரல். "இங்கயும்தான். என்னய்யா வீட்ல சண்டையா?"

லுத்ஃபர் காது வரை சிவந்துபோனான். காது இப்போது முழுசாக இருந்தது. "கேக்கச் சொல்றதக் கேளுங்க. போயிடுவாங்க" என்றான்.

அட்டை கட்டுகிற ஹன்னான் ஜென்மத்தில் வாடிக்கையாளரிடம் கேட்காத ஒன்றைக் கேட்டான். "தம்பி, கன்னத்துல இந்தத் தழும்பு... இருக்கட்டுமா, எடுத்துறட்டுமா?"

ஸ்டூலில் இருந்தவன் யோசிப்பது சந்து வரை தெரிந்தது. அவனை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"இருக்கட்டும் பாய்" என்றான். "கோட்டு மட்டும் போட்டுருங்க."